முப்பத்தெட்டு லீற்றரும் ஒரு தேங்காயும்

பார்சல் அனுப்ப வருகிறவர்களிடம் நான் இருபது வருசமாகச் சொல்லிவருகிற வசனம் ஒன்று இருக்கிறது. "பெட்டி பெரிசாப் போச்சு. உள்ளுக்க சாமான் உருளும். சின்னப் பெட்டி ஒண்டு எடுத்து வாங்க." தபால் கந்தோர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கொஞ்சம் அதட்டலாகத்தான் சொல்வேன். வந்தவர் முகம் கறுத்துத் திரும்பிப் போவார். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தியும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எனக்கென்று ஒரு பை வந்தபோது அந்த வசனத்தை எனக்குச் சொல்ல கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இருக்கவில்லை.

கட்டாரில் வேலை செய்கிற என் கணவரின் தம்பி அனுப்பிய பை அது. அண்ணி கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறா என்று கேள்விப்பட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். எழுபத்தைந்து லீற்றர். நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சுக்கு நின்றது. நான் நாலடி பதினொரு அங்குலம். பதினாறு வார், எட்டுக் கொளுக்கி, எங்கே திறந்தாலும் உள்ளே இன்னொரு அறை. பெரியகல்லாற்றில் எங்கள் தெருவில் அப்படியொரு பையை யாரும் கண்டதில்லை. நான் அதை விறாந்தையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். எல்லாக் கரைச்சலும் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வருசமும் கதிர்காமக் கொடியேற்றத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் நிறையப் பேர். வீட்டிலிருந்தே நடக்கிறவர்களும் உண்டு. கந்தோரில் லீவு கிடைக்காத என்னைப் போன்றவர்கள் உகந்தை வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே காட்டுப் பாதை திறந்ததும் நடக்கத் தொடங்குவோம். ஐந்து நாள் காடு. கடை இல்லை, வீடு இல்லை. அரிசி, பருப்பு, தண்ணீர், படுக்கிற சீலை எல்லாம் முதுகில்தான். ஆற்றங்கரையில் சமைத்து, மரத்தடியில் படுத்து, விடிய முதல் எழும்பி நடக்க வேண்டும். அனுபவசாலிகள் உரப்பைக்குக் கயிறு கட்டித் தோளில் கொளுவிக்கொண்டு போவார்கள். நான்தான் கட்டார் பையோடு புறப்பட்டவள்.

நடக்க முடியாதவர்கள், நடக்கிறவர்களிடம் நேர்த்தியைக் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கற்பூரம், சாம்பிராணி, வள்ளியம்மனுக்கு ஒரு பட்டுத் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய். கதிர்காமத்தில் தேங்காய் விற்கிறார்கள்தானே என்று கேட்டால் ஊர் ஒப்புக்கொள்ளாது. தன் வளவில், தன் மரத்தில் காய்த்ததுதான் நேர்த்தித் தேங்காய். உரப்பைக்காரர்களிடம் ஒருவரும் தேங்காய் கொடுப்பதில்லை. மூட்டையைப் பார்த்தாலே இடமில்லை என்று தெரியும். என்னுடைய பை விறாந்தையில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. "உங்கட பேக்கில இடம் கிடக்குதானே" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். இடம் கிடக்கிறதை நான் எப்படி இல்லை என்பது? புறப்படுகிற அன்று உள்ளே ஒன்பது தேங்காய்கள் இருந்தன.

ஒன்பதில் ஒன்று பக்கத்து வீட்டு மச்சாளுடையது. அதற்கு முந்திய மாரியில் அவளுடைய புருசனின் தோணி காற்றில் கவிழ்ந்து, மனிசன் கவிழ்ந்த தோணியைக் கட்டிப்பிடித்தபடி வாவியில் பாதிநாள் கிடந்து உயிரோடு வீடு வந்தவர். அவர் வந்து சேர முதலே மச்சாள் வளவுத் தென்னையைப் பிடித்துக்கொண்டு நேர்ந்துவிட்டாள், இந்த மரத்துக் காய் ஒன்று கதிர்காமத்தில் உடையும் என்று. அவளுடைய முழங்கால் நடைக்கு ஒத்துவராது. தேங்காய்க்கு மஞ்சள் பூசி, நூல் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தாள். "உன்னை நம்பித் தாறன் மச்சாள்" என்றாள். "தபால் கந்தோர்க்காரிட்டத் தந்திரிக்காய், பயப்பிடாத" என்றேன் நான். அந்த வாய்க்கொழுப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இரண்டாம் நாளே முடிந்துபோனேன். பையின் இடுப்புப் பட்டி என் தொடையில் கிடந்து அடித்தது. பாரம் முழுக்கத் தோளில் தொங்கி என்னைப் பின்னால் இழுத்தது. குனிந்து நடந்தால் கழுத்து நோகும், நிமிர்ந்தால் வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கும்புக்கன் ஆற்றங்கரைச் சரிவில் இறங்கும்போது பை முந்திக்கொண்டு விழுந்தது, அதோடு நானும் மல்லாக்க விழுந்தேன். ஆமை மாதிரிக் கையும் காலும் மேலே. பையைக் கழற்றாமல் எழும்ப முடியவில்லை, எழும்பாமல் பையைக் கழற்ற முடியவில்லை. என் குழுவில் பதினொரு பேர், எல்லோரும் பக்தர்கள், ஆனாலும் சிரித்தார்கள். அவர்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் குழுவை நடத்துகிறவர் வாவியில் வலை போடுகிற மனிசர். ஊரில் அவரை அண்ணன் என்போம். வேல் கையில் ஏறிவிட்டால் அவர் வேல்சாமி. அவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தி, பையை அவிழ்த்து, சாமான்களை எல்லோருக்கும் பங்கு போட்டார். தேங்காய்கள் ஒன்பதும் ஒன்பது உரப்பைக்குள் போயின. ஆற்றில் இறங்கியபோது மூட்டைகள் நனைந்தன, மஞ்சள் கரைந்தது, நூல் கழன்றது. மிச்ச மூன்று நாளும் நான் வெறும் முதுகோடு நடந்தேன். கதிர்காமத்தில் ஒன்பது தேங்காயையும் வரிசையில் வைத்தபோது எது யாருடையது என்று முருகனுக்குத்தான் தெரியும். அரோகரா என்று எல்லாவற்றையும் உடைத்தோம். எல்லோரும் அழுதார்கள், பக்தியில். நான் அழுதது வெட்கத்தில்.

ஊருக்கு வந்ததும் மச்சாள் வேலியடிக்கு வந்து கேட்டாள். "என்ர தேங்காய் வடிவா உடைஞ்சதா?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இருபது வருசத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் வீடு மாற்றிக் கொடுக்கவிடவில்லை. ஒருவர் நம்பித் தந்த பொருள் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் சேர்ந்தது என்று சொல்ல எனக்கு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஒன்பதும் உடைந்தது, உன்னுடையது எது என்று தெரியாது என்றேன்.

"ம்ம். பரவாயில்லை" என்றாள். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள். "உடைஞ்சிரிக்கும்தானே" என்றாள். பிறகு போய்விட்டாள்.

அதோடு சரி. சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் வேலிக்கு மேலால் வருகிற மீன்கறிக் கிண்ணம் நின்றுபோனது. புருசன் வாவிக்குப் போகிற ஒவ்வொரு முறையும், காற்று கொஞ்சம் எழும்பினாலும், மச்சாள் தென்னையடியில் வந்து நிற்பதை என் குசினி யன்னலால் பார்ப்பேன். நேர்த்தி முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் நிற்கிறாள். அந்தச் சந்தேகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

வேல்சாமி நல்ல மனிசர், அவர் சொன்னதுதான் இன்னும் பொல்லாதது. "அம்மா, அடுத்த முறை நீங்க பஸ்ஸிலயே வாங்க. முருகன் ஒண்டும் கோவிக்க மாட்டார்." என் கணவர் அதைக் கேட்டு, "சாமி சரியாத்தானே சொல்றார்" என்று சிரித்தார். நான் அன்றைக்கு அவருக்குத் தேநீர் போடவில்லை. அடுத்த வருசம் நடப்பேன், என் பையை நானே சுமப்பேன், அதற்குள் மச்சாளுடைய தேங்காய் ஒன்று இருக்கும், அது வேறு எந்தக் கைக்கும் மாறாது. அன்று இரவே முடிவெடுத்துவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

முதலில் எதிர்ப் பக்கமாகப் பிழை விட்டேன். பெரிய பை பாடம் படிப்பித்துவிட்டது என்று அக்காவின் மகளுடைய பழைய பள்ளிக்கூடப் பையை எடுத்தேன். அதற்குள் அரிசியும் சீலையும் போனதோடு வாய் மூடவில்லை. மிச்சத்தை மூன்று ஷொப்பிங் பைகளில் போட்டு இரண்டு பக்கமும் பின்னாலும் தொங்கவிட்டேன். கடற்கரை மணலில் நடந்து பார்த்தேன். சட்டி இடுப்பில் டங் டங் என்று அடித்தது. தண்ணீர்ப் போத்தல் ஒரு பக்கம் ஆடினால் நான் மற்றப் பக்கம் ஆடினேன். நாலு நாய்கள் பின்னால் வந்தன. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "என்ன கா, வீடு மாறுறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. என்ன பை என்று பார்க்க முதல், என்ன பாரம் என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் கந்தோர் பூட்டிய பிறகு வீட்டிலிருந்து சாமான் எல்லாவற்றையும் கொண்டுபோய் பார்சல் தராசில் வைத்தேன். அரசாங்கத் தராசைச் சொந்த வேலைக்குப் பாவித்தது அந்த ஒரு முறைதான். போன முறை நான் தூக்கினது பதினேழு கிலோ. என் நிறையே நாற்பத்தேழு. என்னிடம் யாராவது அப்படியொரு பார்சலைக் கொண்டுவந்திருந்தால் கவுண்டரை விட்டு இறங்கி வந்து ஏசியிருப்பேன். ஒவ்வொன்றாக இறக்கினேன். தலையணை எதற்கு? உடுப்புச் சுருட்டினால் தலையணை. மூன்று சேலை எதற்கு, முருகனுக்கு என் சேலையெல்லாம் காட்டவா போகிறேன்? இரண்டாவது டோர்ச், கண்ணாடி, பெரிய சட்டி, வேப்பெண்ணெய்ப் போத்தல், எல்லாம் தராசை விட்டு இறங்கின. கடைசியில் ஒரு தேங்காயை வைத்துப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து எட்டுக் கிலோ அறுநூறு.

அந்த எட்டரைக் கிலோவையும் ஒரு பயணப் பையில் போட்டுக்கொண்டு காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன். அதற்கு முதல் மட்டக்களப்பு டவுனில் பார்த்த கடைகளில் எல்லாம் பையைத் தூக்கிக் காட்டி, "நல்ல பெரிசு அக்கா, எவ்வளவும் பிடிக்கும்" என்றுதான் சொன்னார்கள். அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும் நிலைமை. காத்தான்குடியில் ஒரு கடை, வீட்டு முன்பக்கத்தை இடித்துக் கட்டியது. கடைக்காரர் என்னை விடப் பத்து வயசு இளையவர். சவுதியில் கூடாரமும் பையும் விற்கிற கடையில் நின்றுவிட்டு வந்தவர் என்று பிறகு தெரிந்தது.

"எத்தினை நாளைக்கு அக்கா?"

"அஞ்சு நாள். காட்டுக்குள்ள."

"எத்தினை கிலோ?"

"எட்டு அறுநூறு."

மனிசன் நிமிர்ந்து பார்த்தார். "நிறுத்துப் பாத்தா வந்தீங்க?"

"நிறுத்துத்தான் வந்தன்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த விதமே வேறு. "லீற்றரை மறுகா பாப்பம். முதல்ல முதுகு" என்றார். முதுகை அளக்க அவர் கிட்ட வரவில்லை. உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டு, அளவு நாடாவை அவளிடம் கொடுத்துவிட்டு, தான் மறுபக்கம் திரும்பி நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "தலையைக் குனியச் சொல்லுங்க. கழுத்தில துருத்துற எலும்பு இரிக்குதா? அதில வைங்க. இடுப்பு எலும்பு மேல்பக்கம் வரைக்கும் இழுங்க." அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் கழுத்தெலும்பில் விரலை வைத்து, "நாப்பத்தொண்டு சென்ரிமீற்றர்" என்றாள். "அவ்வளவுதானா?" என்றார் சுவரைப் பார்த்தபடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டார் பை ஆறடி மனிசனுக்குத் தைத்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அது என்னை விழுத்தியதில் ஆச்சரியமே இல்லை. இத்தனை நாளும் என் உடம்பில்தான் பெலன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முதுகுக்குப் பொருந்துகிற மூன்று பைகளை இறக்கினார். நான் கொண்டுபோன சாமான்களை மேசையில் பரப்பினேன். அரிசி, பருப்பு, சின்னச் சட்டி, சீலை, மாற்றுச் சேலை, பாய், மருந்து, தண்ணீர்ப் போத்தல், கடைசியாகத் தேங்காய்.

"தேங்காயும் போகுதா அக்கா?"

"தேங்காய்க்காகத்தான் நானே போறன்."

முப்பது லீற்றரில் தேங்காய் வெளியே நின்றது. நாற்பத்தைந்தில் எல்லாம் போய், மேலே ஒரு தலையளவு இடம் மிச்சம் கிடந்தது. "இதை எடுங்க. கொஞ்சம் இடம் கிடந்தா வசதிதானே" என்றார். அவர் தொழில்படி அது சரிதான். ஆனால் அந்த மிச்ச இடத்தைப் பார்த்ததும் எங்கள் தெருவே தேங்காயோடு வரிசையில் நிற்பது கண்ணில் தெரிந்தது. "இடம் கிடக்கப்படாது தம்பி" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஊர் வழக்கத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கட ஆக்களும் அப்பிடித்தான் அக்கா. ஹஜ்ஜுக்குப் போறவன்ட பெட்டியைப் பாத்தா எல்லாருக்கும் ஆசை" என்றார். பிறகு மூன்றாவதை எடுத்தார். முப்பத்தெட்டு லீற்றர். சாமான் எல்லாம் போய், தேங்காயும் போய், இழுத்துப் பிடித்தால் வாய் மூடியது. ஒரு எலுமிச்சம்பழம்கூட மேலதிகமாகப் போகாது. மூடியில் மட்டும் ஒரு சின்னப் பொக்கற்று.

"கிறுகுங்க" என்றார். திரும்பினேன். மனைவி இடுப்புப் பட்டியை இடுப்பெலும்புக்கு மேலே வைத்துப் பூட்டி இறுக்கினாள். பிறகு தோள் வார். பாரம் தோளை விட்டு இறங்கி இடுப்பில் உட்கார்ந்தது. கடைக்குள் மூன்று தரம் நடக்கச் சொன்னார். நடந்தேன். எட்டரைக் கிலோ முதுகில் இருக்க, இரண்டு தோளும் சும்மா இருந்தன. ஒரு வருசமாகத் தோளில் கிடந்த வெட்கமும் அந்தக் கடையிலேயே பாதி இறங்கிவிட்டது.

பிறகு ஒரு மாதம், விடிய எழும்பி, நிறைத்த பையோடு வாவிப் பாலம் வரைக்கும் போய் வந்தேன். தெரு பகிடி பண்ணியது. "தபால் அம்மா கட்டாருக்கு வெளிக்கிட்டா" என்றார்கள். பண்ணட்டும் என்று விட்டேன். ஒரு நாள் வேல்சாமியின் வீட்டு வாசலிலேயே போய் நின்றேன். அவர் என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். நான் நின்ற நிலையையும் பார்த்தார். "பாலத்துக்கும் போய் வந்தா வாறீங்க?" என்றார். ஓம் என்றேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதை அவர் கவனித்தார். "வெள்ளிக்கிழமை உகந்தை பஸ்ஸுக்கு வந்திருங்க" என்றார்.

நேர்த்தி கொண்டு வந்தவர்களுக்கு இந்த முறை பையையே காட்டினேன். "இடம் இருந்தா நீங்களே வைங்க." தடவிப் பார்த்தார்கள், அமுக்கிப் பார்த்தார்கள். இடமில்லை. ஆளுக்கு ஒரு கட்டி கற்பூரம், அது மட்டும் மூடிப் பொக்கற்றுக்குள். இரண்டு பேர் முகத்தை நீட்டிக்கொண்டு போனார்கள். போகட்டும். ஊரைத் திருப்திப்படுத்துகிற அளவில் எந்தக் கடையிலும் பை இல்லை.

வராதவள் மச்சாள் ஒருத்திதான். கடைசி நாள் நானே வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"உன்ர தேங்காயைத் தா."

"போன வரிசம் தந்தன்தானே" என்றாள், மீன் வெட்டுகிற கையை நிறுத்தாமல்.

"அது போய்ச் சேந்ததோ தெரியா. எனக்கும் தெரியா, உனக்கும் தெரியா. இந்த முறை ஒண்டுதான் கொண்டுபோறன். உன்ரது மட்டும்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து பையைப் பார்த்தாள். "இது சின்னனா இரிக்கே" என்றாள்.

"ஓம். அதுதான் வாங்கினன்."

வளவுக்குள் போய், பறித்து வைத்திருந்த காய்களில் ஒன்றை உரித்துக் கொண்டுவந்தாள். வேண்டுமென்றே செய்தாளோ என்னவோ, அந்த மரம் பெற்றதிலேயே பெரியது. நான் அளவுக்குக் கொண்டுபோன குசினித் தேங்காயைப் போல ஒன்றரை மடங்கு. வைத்துப் பார்த்தேன், மூடவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னது ஒன்று தா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. மாற்றுச் சேலையை வெளியே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, தேங்காயை அந்த இடத்தில் வைத்து, வாயை இழுத்து மூடினேன். "ஐஞ்சு நாளும் ஒரே சேலையா?" என்றாள். "ஆத்தில தோச்சுக் கட்டுவன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தேங்காயைத் திரும்ப எடுக்கச் சொல்லி, கத்தியால் அதன் ஓட்டில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கீறல் போட்டுத் தந்தாள்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் நான் குழுவின் நடுவில் நடந்தேன். இரண்டாம் நாள் முன்னால். கும்புக்கன் ஆற்றங்கரைச் சரிவு வந்தபோது பதினொரு பேரும் நின்று என்னையே பார்த்தார்கள், எனக்குத் தெரியும் எதற்கென்று. இடுப்புப் பட்டியை ஒரு இழுப்பு இறுக்கி, பக்கவாட்டில் காலை வைத்து இறங்கிக் காட்டினேன். பை என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆற்றில் நெஞ்சளவு தண்ணீர் எனக்கு, மற்றவர்களுக்கு இடுப்பளவு. பையைத் தலையில் தூக்கிக்கொண்டு கடந்தேன். வேல்சாமி அரோகரா என்றார், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். அது எனக்கில்லை என்று தெரியும், எனக்கும் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாவலடியில் வேறொரு குழுவைச் சேர்ந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் மரத்தடியில் இருந்து தோளைத் தடவிக்கொண்டிருந்தார். ஆள் பருமன், பை அதைவிடப் பருமன், பட்டி அவிழ்ந்து தொடையில் தொங்கியது. என்னால் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. "எழும்புங்க சாமி. கிறுகுங்க" என்றேன். கந்தோர்க் குரல் தானாக வந்துவிட்டது. அவரும் எழும்பித் திரும்பினார். பட்டியை எலும்புக்கு மேலே ஏற்றிப் பூட்டி, வாரை இழுத்து விட்டேன். நாலடி நடந்து பார்த்துவிட்டு, "அட" என்றார். அவ்வளவு பெரிய உத்தியோகத்தரை நான் அதற்கு முன்னும் பின்னும் திருப்பி நிறுத்தியதில்லை.

நாலாம் நாள்தான் சோதனை. வியாழை என்ற இடத்துக்கும் வள்ளியம்மன் ஆற்றுக்கும் இடையில் வெயில் தலையில் ஏறி நின்றது. வலது குதிக்காலில் கொப்புளம் உடைந்துவிட்டது. அரிசியும் பருப்பும் தீர்ந்து பை இலேசாகிக்கொண்டு வந்தது உண்மை, ஆனால் மற்றதெல்லாம் குறையக் குறைய அந்தத் தேங்காய்தான் பைக்குள் பெரிய ஆளாகியது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தண்ணீர் குலுங்குவது முதுகில் கேட்டது. நான் நொண்டுவதை வேல்சாமி கண்டுவிட்டார். வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார்.

"அம்மா, தேங்காயை எண்டாலும் தாங்க. இஞ்ச இருந்து நான் கொண்டு வாறன். கோயிலடியில திருப்பித் தாறன்."

நல்ல மனதோடு கேட்டார். திருப்பியும் தருவார், மூன்று கீறலும் இருக்கிறது, மாறுவதற்கு வேறு தேங்காயும் இல்லை. ஒரு குறையும் வராது. கையை வாருக்குக் கொண்டுபோய்விட்டேன், அது உண்மை. அப்போது மச்சாள் கேட்கப்போகிற கேள்வி எனக்குக் கேட்டது. அவள் எப்படி உடைந்தது என்று கேட்க மாட்டாள். யார் கொண்டுபோனது என்றுதான் கேட்பாள். என்னை நம்பித் தந்தவள் அவள்.

"வேணாம் சாமி" என்றேன். "இது எனக்குத் தந்தது."

அன்று முழுக்க அவர் எனக்குப் பக்கத்திலேயே, என் நொண்டல் வேகத்திலேயே நடந்தார். முழுக் குழுவும் அதே வேகத்தில் வந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் கதிர்காமத்துக்குள் போனோம். ஐந்து நாளும் உடுத்த அதே சேலை, ஆற்றில் தோய்த்துத் தோய்த்துச் சாயம் போனது. காலில் துணிக்கட்டு. முதுகில் பை. கடைகள், சனம், மேளம் எல்லாவற்றுக்கும் நடுவில் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நடை நடந்ததில்லை, கலியாண ஊர்வலத்தில்கூட இல்லை. அப்போது எல்லோரும் தலையைக் குனி குனி என்றார்கள்.

தேங்காய் உடைக்கிற இடத்தில் சனம் நெருக்கியது. வேல்சாமி பின்னால் நின்று பையின் வாயை அவிழ்த்துவிட, தோளுக்கு மேலால் நானே கையை விட்டுத் தேங்காயை எடுத்தேன். போனையும் எடுத்து, மச்சாளுக்கு வீடியோக் கோல் போட்டேன். எடுத்தாள். பின்னால் அவளுடைய வளவும், அந்தத் தென்னையின் அடியும் தெரிந்தது.

"மச்சாள், பார்" என்று ஓட்டைத் திருப்பி மூன்று கீறலையும் காட்டினேன். விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுக் காட்டினேன். பார்சல் கொடுக்கும்போது பெயர் வாசித்துக் காட்டுவது மாதிரி.

அவள் திரைக்குக் கிட்டக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தாள். "ஆர் கொண்டு வந்தது?" என்றாள். நான் நினைத்த அதே கேள்வி.

"நான்தான். உகந்தையில இருந்து இஞ்ச வரைக்கும். ஒரு கையும் மாறேல்ல."

"உன்ர வேல்சாமிட்டப் போனைக் குடு."

கொடுத்தேன். அவள் என்னை நம்பவில்லை என்று எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் கையொப்பம் கேட்டிருப்பேன். வேல்சாமி போனை வாங்கி, சத்தத்துக்கு மேலால் கத்திச் சொன்னார். "நான் கேட்டும் தரேல்ல அம்மா. கால் புண்ணோட தானே சுமந்து வந்தவ."

போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது மச்சாள் புருசனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனிசன் சாரத்தோடு, ஈர வலையோடு வந்து திரைக்குள் எட்டிப் பார்த்தார். மச்சாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்ம், உடை" என்றாள்.

போனை வேல்சாமி பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி, ஐந்து நாள் பாரத்தையும் சேர்த்து அடித்தேன். சுக்குநூறாகப் போனது. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. போனுக்குள் மச்சாள் அரோகரா என்றது சனத்தின் சத்தத்துக்கு மேலால் எனக்குக் கேட்டது. பிறகு அவள் ஓவென்று அழுதாள். போன முறை வேலியடியில், அவளுடையது எது என்று தெரியாது என்றபோது, அழாமல் போனவள்.

"மச்சாள்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உன்ர சேலையைத் தோச்சுக் காயப்போட்டிரிக்கன். விரதம் முடிய வா. மீன் கிடக்கு."

போன் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேல்சாமி என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, இனி அந்த பேக்கை இறக்கலாம்தானே" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன், அது இன்னும் என் முதுகில் இருந்தது.